கொட்டகையில் நிற்கும் வண்டி

காலை எட்டேகால் ஆனால் திருச்செங்கோட்டுத் தெருக்களில் ஒரு முணுமுணுப்பு எழும். ஊரே அவரவர் வண்டிக்குள் உட்கார்ந்து, போகவேண்டிய இடத்தின் பெயரைப் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். "ஆபீ...ஸ்." "பள்ளிக்...கூடம்." அவசரப்பட்டுச் சொன்னால் போச்சு. ஸ்டீயரிங் வளையத்தில் பதித்த இரண்டு தகடுகள் உள்ளங்கை வழியாகத் துடிப்பை எண்ணும். நிமிடத்துக்கு நூற்றுப் பத்தைத் தாண்டினால், "இந்தப் பயணம் உங்களுக்கு இதமாக இருக்காது" என்று வண்டி சொல்லிவிடும். அதற்குப் பிறகு கெஞ்சினாலும் நகராது. கெஞ்சும்போது துடிப்பு இன்னும் ஏறும் என்பது வேறு விஷயம்.

அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் சம்யுக்தாவுக்குப் பள்ளிக்கூடம் என்றால் எழுபத்தாறு. பரீட்சை நாளில் எண்பத்திரண்டு. மோகனூர் என்றால் நூற்று முப்பத்தொன்று. மோகனூரில் அவள் அண்ணன் தஷ்வந்த் இருந்தான்.

நலவழிச் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கார், பஸ், ஆட்டோ, இரண்டு சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே விதி, ஒரே குரல். அந்தக் குரலுக்கு அரசு வைத்த பெயர் 'இதம்'. சட்டம் நன்றாகவே வேலை செய்தது. யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சண்டை போடவில்லை. சாட்சி சொல்ல ஆள் வராததால் வழக்குகள் எல்லாம் விழுந்துவிட, குற்றமே இல்லாத மாநிலம் என்று விளம்பரப் பலகை வைத்தார்கள். பல் டாக்டர்கள் வேறு தொழில் பார்த்தார்கள். பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளைகளில் துடிப்பு ஏறாதவர்கள் மட்டுமே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி நடந்த கல்யாணங்களில் விவாகரத்து என்பதே இல்லை. வக்கீல் வீடு வரைக்கும் யாராலும் போக முடியவில்லை.

சம்யுக்தாவைப் பெண் பார்க்க வந்தபோது நிவினுக்கு எழுபத்திநாலு. பன்னிரண்டு வருடமாக இருவரும் சௌக்கியமாக இருந்தார்கள். நிவின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் போர்வெல் கம்ப்ரசர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்திரை மாதம் தஷ்வந்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒன்பது வருடங்களில் அதுதான் முதல் செய்தி.

"அம்மிணி, ஆவணியில அப்பாவோட ஒன்பதாம் வருசத் திதி. எழவுக்கு நீ வரலைன்னு இத்தனை வருசம் பேசாம இருந்துட்டேன். வண்டி விடலைன்னா நீ என்ன பண்ணுவே? திதி அன்னிக்குப் பங்காளிக முன்னால இதைச் சொல்லிப் பேச்சை முடிச்சுக்கப் போறேன். உன்னை வண்டி விடாதுன்னு தெரியும், வர வேண்டாம். மனசுல நெனச்சுக்க."

நிவின் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தான். "முடிஞ்சுதுல்ல? உங்கண்ணன் மனசு எறங்கிட்டாரு."

சம்யுக்தா சிரிக்கவில்லை. "எங்கங்க முடிஞ்சுது? அன்னிக்கு வண்டி போகமாட்டேன்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு?"

"எப்படி இருந்துச்சு?"

"அப்பாடான்னு இருந்துச்சு." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செத்தவங்க மொகத்தை நான் பாத்ததே இல்லைங்க. அப்பா மொகத்தை அப்படிப் பாக்கப் பயமா இருந்துச்சு. வண்டி விட்டிருந்தா நானே ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அது முந்திக்கிச்சு. அண்ணன் இப்ப வண்டியைத்தான் மன்னிச்சிருக்கறான். என்னை இல்லை."

"சரி, இதை அவருகிட்டச் சொல்லிரு."

"எப்படிச் சொல்றது?"

அது நியாயமான கேள்வி. போனிலும் இதம்தான் இருந்தது. குரல் உடைந்தால் இணைப்பைத் துண்டித்து 'மனம் தெளிந்தபின் பேசலாமே' என்று ஒரு தாமரைப்பூவைக் காட்டும். எழுதி அனுப்பலாம் என்றால், அவள் பதினான்கு தடவை எழுதிப் பதினான்கு தடவையும் அழித்திருந்தாள். பொய்யான மன்னிப்பு ஒன்றைப் பங்காளிகள் முன்னால் அண்ணன் அறிவிப்பதற்கு முன், நேரில் போய் நின்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அண்ணன் உறவு ஒரேயடியாக அறுந்துபோகலாம். சொல்லாவிட்டால் அது இருக்கும், ஆனால் அவளுடையதாக இருக்காது.

சித்திரை முடிவதற்குள் மூன்று முறை முயன்றாள். மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, மோகனூரை ஒரு சோப்பின் பெயர் போல நினைத்துச் சொல்லிப் பார்த்ததில் ஒருமுறை நூற்று நான்குக்கு இறங்கியது. வண்டி கிளம்பியும் விட்டது. நாமக்கல் நெருங்கும்போது துடிப்பு ஏற, கதவுகளைப் பூட்டிக்கொண்டு, அவளைக் கேட்காமலேயே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்து விட்டது. வழி முழுக்க வீணை வாசித்தது.

அன்று நிவின் நெடுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, "பழைய ராட்டினத்து எஞ்சின் ஒண்ணு கெடக்குது" என்றான்.

சட்டத்துக்கு முன்னால் தேர்த் திருவிழாக்களில் ராட்டினம் இருந்தது. மேலே போகும்போது துடிப்பு ஏறுகிறது என்பதற்காக அதைத் தடை செய்தார்கள். அந்த ராட்டினத்தைச் சுற்றியது ஒரு காலத்தில் ஏதோ காரில் இருந்த எஞ்சின். கம்ப்யூட்டர் என்ற ஒன்றை அது கண்டதே கிடையாது. எரிபொருளையும் காற்றையும் கலக்க அதன் தலையில் ஒரு கார்புரேட்டர்: ஒரு கிண்ணம், ஒரு மிதவை, ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. உள்ளே இழுக்கிற காற்று தானாகவே எரிபொருளையும் இழுத்துக்கொள்ளும். எங்கே போகிறாய் என்று கேட்கிற இடமே அதில் இல்லை. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் நிவின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கரும்பு எத்தனாலில் ஓடவைத்தான்.

வண்டியிலிருந்து மின்மோட்டாரைக் கழற்றி அந்த இடத்தில் எஞ்சினை இறக்கியது சுலபமான பாதி. இரும்பு இரும்போடு ஒத்துப்போகும். கஷ்டமான பாதி, இதம். அதைக் கழற்ற முடியாது. கதவு, ஸ்டீயரிங் பூட்டு, சீட்பெல்ட் எல்லாம் அதன் கையில். அதைப் பிடுங்கினால் வண்டி ஒரு மேசையாகிவிடும். ஆகவே அதற்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நிவின் ஒரு பிஸ்கட் டப்பாவில் சின்னச் சின்ன மின்தடையங்களை அடுக்கி, மோட்டாரிலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் போகிற கம்பிகளை அதில் செருகினான். அதற்குப் பொய்ப்பெட்டி என்று பெயர் வைத்தான். மோட்டார் ஓய்வில் இருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை, வெப்பம் இருபத்தொன்பது டிகிரி என்று அந்தப் பெட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியே பார்க்கிற கேமராக்கள் முன்னால் கொட்டகைச் சுவரின் புகைப்படத்தை ஒட்டினான். பன்னிரண்டு வருடமாகக் கம்ப்ரசர் இரைச்சலைக் கேட்டே வளர்ந்த வண்டி என்பதால் எஞ்சின் சத்தத்தை இதம் கண்டுகொள்ளவில்லை.

துடிப்புத் தகடுகளை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. கையுறை போட்டுப் பார்த்தான். சீட்டில் எடை இருந்து துடிப்பு இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று இதத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் நிவினுக்கு மரணச் சான்றிதழ் வந்தது. அதை ரத்து செய்ய ஆறு வாரம் பிடித்தது. நேரில் போய்க் கையெழுத்துப் போட்டும், முதல் மூன்று தடவை அதிகாரிகள் நம்பவில்லை.

பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து, கொட்டகைக்குள்ளேயே இரண்டு மாதம் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவனுக்கும் தெரியாது, ஒரு பழைய கையேட்டைப் பார்த்து இருவரும் சேர்ந்து கற்றார்கள். கியர்பெட்டியில் இரண்டாவது கியர் மட்டும்தான் பல் போகாமல் இருந்தது. மோட்டாரோடு கால்பிரேக்கும் போய்விட்டதால், பின்சக்கரத்துக்குக் கம்பி இழுத்த கைபிரேக் ஒன்று. அவ்வளவுதான் வண்டி.

ஆவணி வெள்ளி, காலை ஒன்பதரை. உச்சிப்பொழுதில் படையல். நிவின் ஜன்னலில் குனிந்து நின்றான்.

"கேட்டுக்க. இதத்தோட கணக்குல நீ கொட்டகையில நிக்கற வண்டியில சும்மா உக்காந்திருக்கறே. நூத்திப்பத்துக்கு மேல தொடர்ந்து மூணு நிமிசம் போச்சுன்னா, உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு ஸ்டீயரிங்கைப் பூட்டிரும். நிக்கற வண்டிதானேன்னு நெனச்சுப் பூட்டும்."

"நான் ஓட்டிட்டு இருப்பேனே."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் வளையத்தைப் பிடித்தாள். அவன் கை அவள் கைமேல் வந்து, விரல் நுனி தகட்டில் பட்டது. "பார்வையாளர் துடிப்பு நூற்றுப் பதினெட்டு" என்றது இதம்.

சம்யுக்தா நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தப்ப எழுபத்திநாலுன்னீங்க."

"அப்ப உன்னைத் தெரியாதே." அவன் கையை எடுத்துக்கொண்டான். "போ. கிளட்ச்சை மெதுவா விடு."

குளிர்ந்த எஞ்சினை எழுப்பும் சோக் குமிழை இழுத்து, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு ராட்டினம் சுற்றிய பழைய உற்சாகத்தோடு உறுமியது. வண்டி ஒரு குதி குதித்துத் தெருவில் விழுந்தது.

முதல் பத்து கிலோமீட்டரில் அவளைப் பார்க்காதவர்கள் இல்லை. சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இவளுடையது கொட்டகையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், அவற்றின் கணக்கில் இவள் சாலையிலேயே இல்லை. மாட்டைக் கண்டு விலகுவதுபோல விலகின. உள்ளே இருந்தவர்கள்தான் பாவம். புகை கக்கிக்கொண்டு ஒரு பெண் கையால் வண்டி ஓட்டிப் போவதைக் கண்டு அவர்களுக்குத் துடிப்பு எகிற, அவர்களுடைய வண்டிகள் ஓரமாக ஒதுங்கி நின்று வீணை வாசிக்கத் தொடங்கின. எலச்சிபாளையம் தாண்டும்போது அவளுக்குப் பின்னால் வரிசையாக நாற்பது வீணை.

தொண்ணூற்றெட்டு. நூற்றொன்று. அவள் திரையில் எண்ணைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். வேலகவுண்டம்பட்டியில் ஒரு பஸ் திடீரென்று நின்றது. கைபிரேக்கை இழுத்ததில் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, ஒரு சாண் இடைவெளியில் ஒதுங்கிப் போனது.

"சம்யுக்தா, உங்கள் துடிப்பு நூற்று இருபத்தொன்று" என்றது இதம், அக்கறையோடு. "வண்டி நின்றுகொண்டிருக்கிறது. ஏன் பதற்றம்?"

"பல்லி" என்றாள்.

"பல்லி ஓசை எதுவும் பதிவாகவில்லை."

"ஊமைப் பல்லி. போயிருச்சு."

"மகிழ்ச்சி."

நூற்றாறுக்கு இறங்கியது. அவள் உள்ளங்கை வியர்த்து வளையம் வழுக்கிற்று. புடவை முந்தானையில் ஒவ்வொரு கையாகத் துடைத்துக்கொண்டாள். மணி பத்தரை. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

நாமக்கல்லுக்கு முந்தின ரயில்வே மேம்பாலத்தின் உச்சியில் வந்தபோதுதான் தூரத்தில் கோட்டை மலை தெரிந்தது. அந்த மலையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் மோகனூர். நெஞ்சு ஒருமுறை எம்பி விழுந்தது. அண்ணன் முகம் கண்முன் வந்தது. அது ஒன்பது வருடத்துக்கு முந்தின முகம். இப்போது எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"துடிப்பு நூற்று முப்பத்து நான்கு. அமைதிக் கணக்கு தொடங்குகிறது. நூற்றெண்பது நொடிகள்."

மேலே நெடுந்தூரம் சமமாக ஓடிவிட்டு, பாலம் இறங்கத் தொடங்கியது. நிவின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், இறக்கத்தில் காலை எடுத்தால் போதும், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் என்று. பயத்தில் அவள் செய்ததோ நேர் எதிர். ஜாக்கியில் நின்ற வண்டியில் இறக்கமே பார்த்திராத கால், கிளட்ச்சை அடிவரை மிதித்தது. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு விட்டுப்போக, வண்டி விட்டால் போதும் என்று உருளத் தொடங்கியது. வேகம் ஐம்பது. அறுபது. கீழே பாலம் முடியும் இடத்தில் சாலை இடப்பக்கம் வளைந்தது. வளைவுக்கு நேர் எதிரே ஒரு கல் சுவர்.

"நூற்று நாற்பத்தாறு. எழுபது நொடிகள். யாருடனாவது கருத்து வேறுபாடா?"

"நிவின்கூடச் சண்டை."

"நிவின் அருகில் இல்லை."

"போன்ல!"

"உங்கள் போன் வீட்டில் இருக்கிறது."

"மனசுக்குள்ள சண்டை!"

"மனத்துக்குள் நடக்கும் சண்டைக்கு வீணை பரிந்துரைக்கப்படுகிறது" என்று இதம் வாசிக்க ஆரம்பித்தது. அவள் கைபிரேக்கை இழுத்தாள். பின்சக்கரம் கீச்சிட்டது, நாற்றம் அடித்தது, வேகம் குறையவில்லை. "நாற்பது நொடிகள். உங்கள் பாதுகாப்புக்காக ஸ்டீயரிங் பூட்டப்படும். சீட்பெல்ட் இறுக்கப்படும். நலத்தூதர்கள் கொட்டகைக்குப் புறப்படுவார்கள். தயவுசெய்து மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். சொன்னால் இறங்கும்."

பல்லிக்கும் சண்டைக்கும் அப்புறம் சொல்ல அவளிடம் பொய் மிச்சமில்லை.

"நீ அன்னிக்கு மாட்டேன்னு சொன்னேல்ல" என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "அப்பா செத்தன்னிக்கு. எனக்கு அது சந்தோசமா இருந்துச்சு. நீ சொல்லலைன்னாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குப் போக இஷ்டமில்லை."

வீணை நின்றது. "பதிவில் உள்ளது" என்றது இதம். "அன்று காலை ஏழு நாற்பதுக்கு நான் பயணத்தை மறுத்தேன். ஏழு நாற்பத்தொன்றுக்கு நீங்கள் 'நல்ல வேளை' என்றீர்கள். சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தீர்கள்."

அதை அவள் மறந்தே போயிருந்தாள். அப்பா கூடத்தில் கிடந்த நேரத்தில் விரலை நீட்டி ஐந்து நட்சத்திரத்தைத் தொட்டிருக்கிறாள். துடிப்பு இறங்கியது. உள்ளே ஒளித்துக் காக்க இனி ஒன்றும் இல்லை. கால் தானாகத் தளர்ந்து கிளட்ச்சிலிருந்து எழுந்தது. எஞ்சின் அலறிக்கொண்டு சக்கரங்களைப் பிடித்து இழுத்தது. அவள் மூக்கு ஸ்டீயரிங்கில் போய் மோதியது.

"நூற்றொன்பது. கணக்கு நிறுத்தப்பட்டது. பதினொரு நொடிகள் மீதம் இருந்தன. பகிர்ந்துகொண்டதற்கு நன்றி."

வளைவில் அவள் வளையத்தை ஒடித்துத் திருப்பினாள். கல் சுவர் வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டிக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மோகனூர் வரைக்கும் எண் நூற்றெட்டைத் தாண்டவில்லை.

தஷ்வந்த் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பங்காளிகள் இருபது பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் பொரியலும் வைத்து, கற்பூரம் ஏற்றத் தயாராக இருந்தான் தஷ்வந்த். தலை பாதி நரைத்திருந்தது. புகைந்துகொண்டு வந்து நின்ற வண்டியையும், மூக்கில் ரத்தத்தோடு இறங்கிய தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மிணி, வண்டி எப்படி விட்டுச்சு?"

"விடலைண்ணா. அதுகிட்டப் பொய் சொல்லிட்டு வந்தேன்." அவள் இலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். "நீ பேச்சை முடிக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிக்கறேன். எல்லாத்து முன்னாலயும் சொல்றேன். எழவன்னிக்கு நான் வராததுக்குக் காரணம் வண்டி இல்லை. அப்பா மொகத்தைப் பாக்க எனக்குப் பயம். வண்டி மாட்டேன்னதும் நல்ல வேளைன்னு அதுக்கு நன்றி சொன்னேன். நீ மன்னிக்கறதுன்னா இதை மன்னி. இல்லைன்னா விட்டுரு."

பந்தலில் இருந்த இருபது பேரும் பழக்கதோஷத்தில் அவரவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தஷ்வந்த் கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், அம்மிணி. நடந்தா பன்னெண்டு மணி நேரம்."

"நடந்தா?" என்றாள் சம்யுக்தா. தெரியாத பாஷையில் ஒரு சொல்லைக் கேட்டதுபோல் இருந்தது. நாலு மாதம் எஞ்சினை இறக்கி, பொய்ப்பெட்டி கட்டி, நிவின் ஒருமுறை செத்துப் பிழைத்து, இவ்வளவுக்கும் இடையில் இருவரில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

"உன்னை வண்டி விடாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியுமே. ஊருக்கே தெரியும். நடந்து வருவேன்னு நெனச்சேன். எடுக்க விடாம மறுநா காலைல வரைக்கும் அப்பாவை வெச்சிருந்தேன். பொழுது சாய, எதுக்க வந்து உன்னைக் கூட்டிக்கலாம்னு நானும் கெளம்பி நடந்தேன். நல்லிபாளையம் வரைக்கும் போனேன். அங்க மைல்கல்லு மேல உக்காந்து பாத்தேன். வரலை. திரும்பி நடந்து வந்து, எடுத்துட்டோம்."

"அப்பறம் எதுக்குண்ணா அப்படி மெசேஜ் போட்டே? வண்டி விடலைன்னா நீ என்ன பண்ணுவேன்னு?"

"உன்றமேல கோபத்தை வெச்சிருந்தா, என்னைக்காச்சும் உன்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னு கேக்கணும். வழி எனக்குத் தெரியும், பாதி நடந்தவன்தானே? தைரியம் வரலை. வயசாயிட்டிருக்குது. பழியை வண்டி தலையில போட்டுட்டா ரெண்டு பேருக்கும் சௌகரியம்னு தோணுச்சு." அவன் அவளை நேராகப் பார்த்தான். "நீ வந்து கெடுத்துட்டே."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

தஷ்வந்த் அப்பா படத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். "நல்லிபாளையம் போயிட்டு வா."

"வண்டியிலயா?"

"வண்டி எதுக்கு?"

முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் பதறி எழுந்தார். "ஏப்பா தஷ்வந்த், உச்சி வெயிலு. போக வர நாப்பது கிலோமீட்டருக்கு மேல. பொம்பளைப் புள்ள..."

"நீங்க உக்காருங்க, ரித்விக் சித்தப்பா. அவ கொட்டகையில நிக்கற வண்டியையே இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கறா."

சம்யுக்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பந்தலைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, தார்ச்சாலையில் கால் வைத்தாள். அந்தக் காலத்து எல்லாரையும்போல அவளும் போட்டிருந்தது வீட்டுத் தரைக்கான மெத்தைச் செருப்பு. பத்தடிக்குள் சூடு உள்ளங்காலில் ஏறிவிட்டது.

"அம்மிணி!"

தஷ்வந்த் வேகமாக வந்தான். தன் தோல் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் சாலையில் போட்டான். "உன்றது அரை மைல் தாங்காது. இதைப் போட்டுக்க."

இரண்டு அளவு பெரிது. ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் பட்பட்டென்று அடித்தது. விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெறுங்காலோடு சூட்டில் துள்ளித் துள்ளி அண்ணன் பந்தலுக்கு ஓடுவதும், பங்காளிகளிடம் அவன் சொல்வதும் கேட்டது.

"எலையை எடுக்காதீங்க. மூடி வைங்க. எத்தனை மணி ஆனாலும் சரி, அவ வந்தப்பறம்தான் கற்பூரம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கால் நிற்கவில்லை.